கோளாறு மூட்டில், திருகுவது டிரஸ் ராடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இணைப்பிதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு மாணவர், தான் புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் ரொம்ப உயரமாக நிற்கின்றன, நெக் (விரலால் கம்பிகளை அழுத்தும் நீளக் கழுத்து) பாடியோடு சேரும் இடத்தில் இடைவெளி தெரிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். 'நெக்கின் உள்ளே இருக்கும் டிரஸ் ராடை இரண்டு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும்' என்று பதில் வந்திருந்தது. கிட்டார் பழுதுபார்ப்பதே பிழைப்பாக உள்ள எங்களுக்குப் படித்ததும் பகீரென்றது. அந்தப் பதிலை நம்பித் திருகினால் இடைவெளி அப்படியேதான் இருக்கும். போதாததற்கு நெக் பின்பக்கமாக வளையும், ராடின் மரையும் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, 'நீங்கள்தான் கழற்றிக் கெடுத்தீர்கள்' என்று சொல்லி விற்றவர் கையை விரித்துவிடுவார்.

டிரஸ் ராடுக்கு ஒரே ஒரு வேலைதான். கம்பிகளின் இழுப்பில் நெக் முன்பக்கமாக வில் போல் வளையப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடிப்பதற்காக உள்ளே வைத்த இரும்புக் கம்பி அது. நெக் பாடிக்குள் எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேராக உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தொடவேண்டிய தேவை வந்தால்கூட ஒரு தடவைக்குக் கால் சுற்று; பிறகு ட்யூன் செய்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. இரண்டு சுற்று என்பது கை கூசும் கணக்கு.

நெக்கும் பாடியும் சேரும் மூட்டின் மீது என்ன பாரம் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் 9-42 கம்பி செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டு வழக்கமான ட்யூனிங்கில் வைத்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 38 கிலோ இழுக்கும். 10-46 செட் என்றால் 46 கிலோ வரும். ஒரு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டார் சுவரில் தொங்கும்போதும் பைக்குள் தூங்கும்போதும் அந்த இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். அதைத் தாங்குவது நாலு ஸ்க்ரூவும், நெக் உட்காரப் பாடியில் கடைந்த ஒரு குழியும்.

இந்த வகை மூட்டுக்கு 'போல்ட்-ஆன்' என்று பெயரே தவிர அதில் போல்ட் கிடையாது. அமெரிக்காவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் லியோ ஃபென்டர் 1950-இல் திடமரக் கிட்டாரைத் தொழிற்சாலைச் சரக்காக்கியபோது, நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் பின்பக்கத்திலிருந்து நாலு மர ஸ்க்ரூவால் பிடித்தார். கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம் என்பது அவர் கணக்கு. இன்று நம் ஊரில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு விற்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை அதே முறையில்தான் வருகின்றன. குழி ஏறக்குறைய 56 மி.மீ. அகலம், 16 மி.மீ. ஆழம், தச்சர் கணக்கில் ஐந்து நூல் ஆழம். ஸ்க்ரூ 8ஆம் எண், 45 மி.மீ. நீளம். ஸ்க்ரூ தலைக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு. அவ்வளவுதான் அமைப்பு. எளிமையானது என்பதால்தான் அவசரமாகவும் செய்துவிடுகிறார்கள்.

பெட்டி வந்த அன்றே, ஒரு ஸ்க்ரூவையும் தொடாமல் பார்க்கவேண்டியவை சில. முதலில் கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்யுங்கள். கம்பி தளர்ந்திருக்கும்போது எடுக்கும் எந்த அளவும் பொய். பிறகு நெக்கின் வளைவைப் பாருங்கள்: முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி மாட்டி, தடித்த கம்பியைப் பாடியும் நெக்கும் சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டில் அழுத்தினால், 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.25 மி.மீ. அளவு வெளிச்சம் தெரியவேண்டும். அளக்கும் தகடு இல்லாவிட்டால், சாதாரண ஏ4 தாளை இரண்டாக மடித்து நுழைத்தால் தட்டுத்தடுமாறாமல் போகும் அளவு. இது சரியாக இருந்தால் டிரஸ் ராடின் கதை முடிந்தது. அதை இனித் தொடவேண்டாம். அடுத்து 17ஆம் ஃப்ரெட்டின் மேல் கம்பியின் உயரம். சுமார் 1.6 மி.மீ. இருந்தால் வாசிக்க வசதி. அதைவிட எவ்வளவோ உயரமாக இருந்து, பிரிட்ஜில் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) உள்ள சாடில்களை, அதாவது ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள சிறு தாங்கிகளை, அடிமட்டம் வரை இறக்கியும் குறையவில்லை என்றால், சந்தேகம் மூட்டின் மேல்தான் விழவேண்டும். சாடில்கள் உச்சிக்கு ஏறி நின்றும் கம்பி ஃப்ரெட்டில் இடித்து இரைகிறது என்றாலும் அதே மூட்டுதான் குற்றவாளி, கோணம் எதிர்ப்பக்கம்.

இன்னொன்று, நெக்கை மேலிருந்து நேராகப் பாருங்கள். ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டின் ஓரத்துக்கும் முதல் கம்பிக்கும் உள்ள தூரம், மறு ஓரத்துக்கும் ஆறாவது கம்பிக்கும் உள்ள தூரத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். மெல்லிய கம்பி ஓரத்தை ஒட்டியபடி ஓடி, விரல் பட்டதும் ஃப்ரெட்டை விட்டு வெளியே நழுவினால், நெக் குழிக்குள் கோணலாக நிற்கிறது. குழி ஓரத்தில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தால் போதும், நெக்கின் மறுமுனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையான நட் மூன்று மி.மீ. வரை விலகிவிடும், 12ஆம் ஃப்ரெட்டில் ஏறக்குறைய ஒரு மி.மீ. குழியின் நீளம் 76 மி.மீ.தான். அங்கே கண்ணுக்குத் தெரியாத பிசகு தலைப்பக்கம் போய்ச் சேரும்போது ஆறு மடங்காகிவிடுகிறது.

கடைசியாக இடைவெளி. இதில்தான் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், பயப்படவேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறார்கள். நெக்கின் பக்கவாட்டில், குழிச் சுவருக்கும் நெக்குக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறது என்றால் அது குறையே இல்லை. நெக் நேராக நின்று, கம்பிகள் ஓரத்தில் சமமாக ஓடினால் விட்டுவிடுங்கள். ஸ்க்ரூ போடாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடி தொங்கவேண்டும் என்று சிலர் பெருமையடிப்பார்கள். அவ்வளவு இறுக்கமான குழியில் மழைக்காலத்தில் மரம் ஊதினால் பெயின்ட் வெடிக்கும், வேறு லாபமில்லை. பார்க்கவேண்டியது அடிப்பக்கத்தை. நெக்கின் முதுகு பாடியைத் தொடும் உதட்டில் போன் டார்ச்சை அடித்து, ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போனால் நெக் குழியின் தரையில் உட்காரவில்லை. அதுதான் நிஜமான குறை.

பெயின்டில் தெரியும் மயிரிழைக் கோடு வேறு விஷயம். குழியின் மூலையில் பெயின்ட் மட்டும் வெடிப்பது புதுக் கிட்டார்களிலேயே சகஜம்; தடித்த பாலியஸ்டர் பெயின்ட் மரத்தோடு சேர்ந்து அசைவதில்லை. நகத்தால் தடவி, பிறகு கம்பி கட்டியபடியே தலைப்பக்கத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். கோடு திறந்து மூடாவிட்டால் அது பெயின்டோடு நின்ற கோடு. திறந்து மூடினால் மரத்தில் விரிசல். அந்தக் கிட்டாரைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதே அழுத்தத்தில் சுருதி கொஞ்சம் மாறி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தால் அது மரத்தின் இயல்பான நெளிவு. திரும்பி வராவிட்டால் மூட்டு நகர்கிறது.

நெக் ஏன் தரையில் உட்காராமல் போகிறது? பல காரணங்கள் உண்டு. ஆனால் எல்லாரும் தவறவிடும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஸ்க்ரூவின் மரை நெக்கில் மட்டும்தான் பிடிக்கவேண்டும். பாடியில் உள்ள துளை வெறும் வழிதான். ஸ்க்ரூ அதில் தன் பாட்டுக்கு நழுவிப் போகவேண்டும். தொழிற்சாலையில் பாடியையும் நெக்கையும் ஒரே துரப்பணத்தால் ஒரே மூச்சில் துளைத்துவிட்டால், மரை இரண்டிலும் கடிக்கும். அப்போது என்ன ஆகிறது? ஸ்க்ரூ ஒவ்வொரு சுற்றுக்கும் பாடிக்குள் எவ்வளவு முன்னேறுகிறதோ அதே அளவுதான் நெக்குக்குள்ளும் முன்னேறும். தொடங்கும்போது இரண்டுக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி இருந்தால், முடியும்போதும் அதே அரை மி.மீ. பூட்டிய மாதிரி நிற்கும். அதற்குமேல் எவ்வளவு பலமாகத் திருகினாலும் இடைவெளி மூடாது. நெக்கின் மேப்பிள் மரத்தில் மரைதான் அறுந்துபோகும். 'நல்லா டைட் பண்ணியாச்சு, ஆனாலும் கேப் இருக்கு' என்று வரும் கிட்டார்களில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சோதிப்பது சுலபம். கம்பிகளைத் தளர்த்தி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிவிடுங்கள். கம்பிகள் சிக்காமல் நிற்கும். கிட்டாரைத் துணி விரித்த மேஜையில் குப்புறப் போட்டு, கை ஸ்க்ரூடிரைவரால் நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தி எடுங்கள். பேட்டரி டிரில்லை இந்தப் பக்கமே கொண்டுவரவேண்டாம். நெக்கைக் குழியிலிருந்து நேர் மேலாகத் தூக்கவேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஓரத்து பெயின்ட் சில்லுச் சில்லாகப் பெயரும். இப்போது வெறும் பாடியின் துளையில் ஸ்க்ரூவைப் போடுங்கள். தானாக இறங்கினால் அல்லது விரலால் தள்ளியதும் போனால் நல்லது. திருகித்தான் நுழைகிறது என்றால் குறை பிடிபட்டது. 8ஆம் எண் ஸ்க்ரூவின் வெளிவிட்டம் 4.2 மி.மீ. அருகில், ஆகவே 4.5 மி.மீ. பிட்டால் துளையை அகலப்படுத்தவேண்டும். குழிக்குள் ஒரு மரத்துண்டை இறுக வைத்துக்கொண்டு, தகடு இருந்த பக்கத்திலிருந்து துளையுங்கள். முதலில் டிரில்லை எதிர்ச்சுற்றில் ஓடவிட்டால் பிட் பெயின்டைப் பெயர்க்காமல் சுரண்டிவிடும். மரம் தெரிந்ததும் வழக்கமான சுற்றில் ஓட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

துளை சரியாக இருந்தும் உட்காரவில்லையா, குழியின் தரையைப் பாருங்கள். கார்பன் தாளை மைப்பக்கம் கீழே இருக்கும்படி குழிக்குள் விரித்து, நெக்கை வைத்து நன்றாக அழுத்தி எடுத்தால், எங்கெல்லாம் முட்டுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு விழும். மூலையில் மட்டும் கறுப்பு என்றால் அங்கே பெயின்ட் துளி உறைந்திருக்கிறது. ஒட்டுநாடாவின் பசை, வரிசை எண் ஒட்டிய சீட்டு, மரத்தூள் என்று ஏதாவது கிடக்கும். நெக்கின் அடியில் ஸ்க்ரூ துளையைச் சுற்றி மரம் எரிமலை வாய் போல் மேடிட்டிருப்பதும் சகஜம், மேடு 0.2 மி.மீ. இருந்தாலே நெக் அதன் மேல் நொண்டும். 8 அல்லது 10 மி.மீ. பிட்டைக் கையில் பிடித்து அந்தத் துளை வாயில் இரண்டு சுற்று சுற்றினால் மேடு போய்விடும். குழித் தரையில் உள்ளதை உளியைச் செங்குத்தாக நிறுத்திச் சுரண்டி எடுங்கள். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். ஓரங்கள் கரைந்து நடு மேடாகிவிடும், பிறகு அந்தத் தளத்தை மீட்பது பெரும்பாடு.

தளம் சரி, துளை சரி, நெக் நன்றாக உட்கார்ந்தும் விட்டது, ஆனால் சாடில்களை அடியோடு இறக்கியும் கம்பி உயரம் என்றால்தான் ஷிம் வைக்கும் பேச்சே எடுக்கவேண்டும். குழியின் பிரிட்ஜ் பக்க முனையில் ஒரு மெல்லிய துண்டை வைத்தால் நெக்கின் தலைப்பக்கம் பின்னுக்குச் சாயும். கம்பிகள் ஃப்ரெட்டை நெருங்கும். அதற்கேற்பச் சாடிலைத் தூக்கலாம். எவ்வளவு தடிமன் என்பதற்கு எங்கள் கணக்கு இதுதான். குழியின் உதட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஏறக்குறைய 257 மி.மீ.; குழி 76 மி.மீ. ஒன்றை மற்றதால் வகுத்தால் 3.4. அதாவது ஷிம்மின் தடிமனைப் போல் சுமார் மூன்றரை மடங்கு சாடில் ஏறும். 0.25 மி.மீ. வைத்தால் 0.85 மி.மீ.; 0.5 வைத்தால் 1.7. விசிட்டிங் கார்டு பெரும்பாலும் 0.3 மி.மீ. வரும், அதுவே ஒரு மி.மீ. கொடுத்துவிடும். சன்மைக்கா துண்டை வெட்டி வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அதன் தடிமன் 0.8 முதல் 1 மி.மீ., சாடில் ஏறவேண்டியது மூன்று மி.மீ. பக்கம். அத்தனை தேவைப்படும் கிட்டார் அபூர்வம். சாடிலின் ஸ்க்ரூ வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் குத்தும்.

பிளைவுட் கடையில் வாங்கும் 0.5 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத் தகடு) போதும். 10 மி.மீ. அகலத்தில், குழியின் முழு அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பின் ஜோடி ஸ்க்ரூவுக்கு அப்பால் முனையில் வைத்தால் துளையிடும் வேலையும் இல்லை. ரப்பர், அட்டைப்பெட்டித் துண்டு, மடித்த செல்லோடேப் எதுவும் வேண்டாம். இழுப்பில் நசுங்கிக்கொண்டே இருக்கும், நீங்களும் மாதாமாதம் சரிசெய்துகொண்டே இருப்பீர்கள். பட்டை ஷிம்மில் ஒரு குறை உண்டு: நெக்கின் அடி இரண்டு முனையில் மட்டும் தொட்டு நடுவே தொங்கும். வருடக்கணக்கில் அந்த இடம் அமுங்கி, கடைசி ஃப்ரெட்டுகள் மேலே எழும்பக்கூடும். அது கவலையாக இருந்தால் குழி முழுவதும் நிரப்பும் சரிவான ஷிம்கள் கால், அரை, ஒரு டிகிரி என்று ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அரை டிகிரி ஷிம்மின் தடித்த முனை 0.66 மி.மீ.; சாடிலை இரண்டு மி.மீ.க்குச் சற்று அதிகமாக ஏற்றும். பெரும்பாலான கிட்டாருக்குக் கால் டிகிரியே தாராளம்.

இசைச் சுவை கெட்டுவிடும் என்று ஷிம்மை வெறுப்பவர்களோடு நாங்கள் சண்டைக்கு வரவில்லை. நெக் ஆடாமல் இறுகப் பிடித்திருந்தால் நடுவில் வெனீர் இருப்பதைக் காது கண்டுபிடிக்காது என்பது எங்கள் துணிபு.

ஒரு ஸ்க்ரூ மட்டும் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் நெக்கில் மரை போய்விட்டது. லேசான தளர்வு என்றால் பல்குத்தும் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடைப்பது கொஞ்ச நாள் தாங்கும். முழுதும் போயிருந்தால் துளையை 6 மி.மீ. ஆக்கி, அதே விட்டமுள்ள கெட்டி மர முளையை ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, புதிதாக 3.2 மி.மீ. துளை போடவேண்டும், தச்சரிடம் 'ஒரு நூல் பிட்' என்றால் அதையே எடுத்துக் கொடுப்பார். கடையில் கிடைக்கும் உருட்டு முளையில் மர ரேகை நீளவாக்கில் ஓடும். ஸ்க்ரூ ரேகையோடு போவதால் பிடிப்புக் குறைவு. மேப்பிள் அல்லது தேக்குப் பலகையில் ரேகைக்குக் குறுக்காக வெட்டியெடுத்த முளை இரண்டு பங்கு நம்பகம். ஆழத்தில்தான் விபத்து நேரும். நெக்கின் அடிப்பாகம் ஃப்ரெட்போர்டோடு சேர்த்து 25 மி.மீ.தான். 45 மி.மீ. ஸ்க்ரூ அதற்குள் 15 மி.மீ. அளவுக்குப் போகும். ஆகவே பிட்டில் 16 மி.மீ.யில் ஒரு டேப் சுற்றிக்கொண்டு துளையுங்கள். பிடிப்புக் கூடட்டும் என்று 50 மி.மீ. ஸ்க்ரூ போடுவோர் இருக்கிறார்கள். அது ஃப்ரெட்போர்டின் மேற்பரப்புக்கு ஐந்து மி.மீ. அருகே போய் நிற்கும், தகடு இல்லாத மாடலில் இன்னும் கிட்டே.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து, நம் கடலோரக் காற்றில் ஸ்க்ரூவைத் துருவோடு மரத்தில் கட்டிப்போட்டுவிடும். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று அரை மி.மீ. கீழே விழும். பழைய மரையின் வாய் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் பழைய வழியிலேயே போகும், புதிய மரை வெட்டி மரத்தைக் கெடுக்காது. நாலையும் பாதி வரை ஏற்றிவிட்டு, கார் சக்கரத்தின் நட்டு போல மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள். தகடு பெயின்டுக்குள் புதைவதைக் கண்டால் நிறுத்துங்கள். அதற்குமேல் பலம் காட்டுவதில் பயனில்லை.

பிறகு கம்பிகளை முழுச் சுருதிக்கு ஏற்றிக்கொண்டு, நாலு ஸ்க்ரூவையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். சில கிட்டாரில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கம்பிகளின் இழுப்பே நெக்கின் அடியைக் குழியின் பின்சுவரோடு இழுத்துப் பொருத்துகிறது. உடனே திரும்ப இறுக்குங்கள். கோணலாக நின்ற நெக்கை நேராக்குவதும் இந்தச் சமயத்தில்தான். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, பாடியை மடியில் அழுத்திப் பிடித்து, தலைப்பக்கத்தை வேண்டிய திசையில் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு இன்னொருவரை இறுக்கச் சொல்லவேண்டும். இரண்டு கை போதாது. தள்ளி வைத்தும் ஒரு வாரத்தில் பழைய கோணலுக்குப் போனால் குழி அகலம் அதிகம். சுவரில் ஒரு வெனீர் பட்டையை ஒட்டி இடத்தைக் குறைக்கலாம். 1971-இல் ஃபென்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் நாலு ஸ்க்ரூவை மூன்றாக்கினார்கள். நெக் நழுவுகிறது என்று பத்து ஆண்டுகளுக்குப் பெயர் கெட்டது. ஸ்க்ரூவின் எண்ணிக்கையைவிடக் குழியின் தாராளம்தான் காரணம் என்று சொல்வோர் பக்கமே நாங்கள்.

இதுவரை சொன்னது ஸ்க்ரூ மூட்டுக்கு மட்டும். பசை போட்டு ஒட்டிய நெக் என்றால் வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். இடைவெளியில் ஃபெவிக்விக் ஊற்றுவது எல்லாவற்றிலும் கேடு. அது மூட்டில் உறைந்து, பின்னால் முறையாக ஆவி பிடித்துக் கழற்ற வருபவரின் வேலையையும் கெடுக்கும். ஒட்டிய மூட்டில் கோணம் தவறினால் ஷிம்மால் திருத்தமுடியாது. கிப்சன் நிறுவனம் 1952-இல் தன் முதல் லெஸ் பால் கிட்டாரை வெளியிட்டபோதே கோணம் போதாமல், கம்பிகளைப் பிரிட்ஜ் கட்டையின் மேலாகக் கொண்டுபோகமுடியாமல் அடியில் சுற்றவேண்டியிருந்தது. வாசிப்பவர் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்க வழியில்லை. மறு ஆண்டு கோணத்தைக் கூட்டித்தான் சரிசெய்தார்கள். விற்றுப்போன கிட்டாரில் கோணம் மாறவில்லை. நீங்கள் வாங்கிய ஒட்டு நெக் கிட்டாரிலும் அப்படித்தான். ஒரே வழி திருப்பிக் கொடுப்பது.

அதற்குள்ள உரிமை பற்றியும் அந்தப் பதிலில் ஒரு வரி இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2020 இணைய வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. புகார் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். கேட்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இணையத்தில் வாங்கியவர்களுக்குத் திருப்பி அனுப்பும் நாள்கள் ஏழோ பத்தோதான் என்பதால், மேலே சொன்ன சோதனைகளை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே படம் எடுங்கள்: தாள் நுழைந்து நிற்கும் உதடு, ஓரத்தை ஒட்டி ஓடும் கம்பி, அடிமட்டத்தில் இறங்கிய சாடில், பக்கத்தில் ஸ்கேல். 'நெக் சரியில்லை' என்று எழுதினால் 'செட்டப் செய்துகொள்ளுங்கள்' என்று பதில் வரும். '17ஆம் ஃப்ரெட்டில் 3.5 மி.மீ., சாடில் முழுதும் இறக்கப்பட்டுள்ளது, நெக் குழியின் தரையில் பொருந்தவில்லை' என்று எழுதினால் தட்டிக்கழிப்பது சிரமம். பழுது பார்த்தால் ஆயிரம் ரூபாயில் முடிகிற கிட்டாரைத் திருப்பி அனுப்பவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. துளை, பெயின்ட் துளி, லேசான கோணம் இவையென்றால் வைத்துக்கொண்டு சரிசெய்வதே மேல். மாற்றாக வரும் கிட்டாரிலும் அதே துளை இருக்கும். மரவிரிசல், ஒட்டிய மூட்டில் கோணக் குறை, குழியே கோணலாகக் கடைந்தது இவையென்றால் யோசிக்கவே வேண்டாம், அனுப்பிவிடுங்கள்.

ஷிம் வைத்து மூடுகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். குழியின் தரையில் பென்சிலால் தடிமனையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த நெக்கைக் கழற்றுபவர், உள்ளே கிடக்கும் மரத்துண்டை ஏதோ குப்பை என்று நினைத்துத் தூக்கி எறியாமல் இருக்க அது ஒன்றே வழி.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர்கள் இருவர்,
சென்னை.